கண்ணோர வெடிப்பு: க்ரீமை நிறுத்தினால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தோல் மருத்துவர் பதில்

கடிதம் எழுதியவர் 47 வயது வாசகி. கொங்குப் பகுதியில் ஓர் ஊரில் அலுவலக வேலை. இரண்டு வருடங்களாக இரு கண்களின் வெளி ஓரத்திலும் மேல் இமையிலும் தோல் சிவந்து, காய்ந்து, மெல்லிய செதிலாக உரிந்து, கடைசியில் கீறல் விட்டதுபோல் வெடிக்கிறது. முகம் கழுவினால் எரிகிறது. கண்ணீர் பட்டால் இன்னும் எரிகிறது. சில நாள் காலையில் எழுந்தால் இமை கனத்து வீங்கியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமைப் பூசினால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வந்துவிடுகிறது. இப்படி எத்தனை ட்யூப் தீர்ந்தது என்று கணக்கே இல்லை என்கிறார்.

இதற்காக அவர் செய்யாதது எதுவும் இல்லை. கண் மையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. உடல் சூடு என்று பெரியவர்கள் சொன்னதால் வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். இரவில் கண்மேல் நந்தியாவட்டைப் பூ. கத்திரிக்காய், கருவாடு, இறால் மூன்றையும் ஒதுக்கியாயிற்று. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தார். ரத்தத்தில் அலர்ஜி பரிசோதனை செய்ததில் இறாலும் வீட்டுத் தூசியும் ஒத்துக்கொள்ளாது என்று வந்திருக்கிறது. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உண்டு.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் இதையும் எழுதியிருக்கிறார்: நரைக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை டை போடுகிறார். பதினைந்து வருடமாக அதே டை. "தலையில் எந்தத் தொந்தரவும் இல்லை, அதனால் டை காரணமாக இருக்காது. கிண்ணத்தில் மிச்சமிருப்பதைப் புருவத்தில் உள்ள ஒன்றிரண்டு நரைமுடியிலும் தொட்டு வைப்பேன், அவ்வளவுதான்."

அவர் கேட்பது: இது சூடா, அலர்ஜியா, சத்துக் குறைவா? க்ரீமைத் தொடரலாமா? முதுகில் மருந்து ஒட்டிச் செய்யும் பரிசோதனை தேவையா? தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் சரியாகுமா, டை போட்டுக்கொள்ளலாமா?

அன்புச் சகோதரிக்கு,

இமையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் இரண்டு பொருள்கள்மேல் எனக்குப் பலத்த சந்தேகம் விழுகிறது. ஒன்று டை. இன்னொன்று, நீங்கள் மருந்து என்று நம்பிப் பூசும் அந்த க்ரீம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு உணவையும் சூட்டையும் துரத்திக்கொண்டு இரண்டு வருடம் ஓடியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கண்ணில் வரும் தொல்லைக்குக் கண்ணில் போடும் மையைத்தான் யாரும் முதலில் சந்தேகப்படுவார்கள்.

தலையில் இல்லாத அலர்ஜி இமையில் வருமா?

வரும். இமை அலர்ஜியில் இது அன்றாடம் பார்க்கும் விஷயம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். சுமார் அரை மில்லிமீட்டர்தான் தடிமன் இருக்கும். உச்சந்தலைத் தோல் அதைவிடப் பல மடங்கு தடித்தது. ஒரே பொருள் இரண்டு இடத்திலும் பட்டாலும், தலை தாங்கிக்கொள்ளும், இமை தாங்காது. டையை அலசும்போது நுரையும் தண்ணீரும் நெற்றி வழியாக எங்கே இறங்குகின்றன என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, ஒரு நாளில் எத்தனை தடவை கண்ணைக் கசக்குகிறோம் என்று நமக்கே தெரியாது. விரலில், நகத்தில், தலையணை உறையில் ஒட்டியிருக்கும் எதுவும் கடைசியில் இமைக்குத்தான் வந்து சேரும்.

நகச்சாயம் பூசும் பெண்களுக்கு நகத்தைச் சுற்றி ஒன்றும் இல்லாமல் இமையில் மட்டும் அலர்ஜி வருவதுண்டு. இப்போது அழகு நிலையங்களில் விளக்கொளியில் காயவைத்துப் போடும் ஜெல் நகங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஷாம்பூவில் உள்ள பதப்படுத்தும் பொருள், வாசனைத் திரவியம், முகப்பூச்சு தடவும் ரப்பர் பஞ்சு, புருவம் எடுக்கும் இடுக்கியிலுள்ள நிக்கல், கண்ணாடி ஃப்ரேம் என்று பட்டியல் நீளும். உங்கள் வீட்டுக்காரர் தலைக்குப் போடும் டையோ, அவர் அடித்துக்கொள்ளும் சென்ட்டோ தலையணை வழியாக உங்கள் இமைக்கு வருவதும் நடக்கிற ஒன்றுதான். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆகவே, மையை நிறுத்தி ஆறு மாதம் ஆகியும் சரியாகவில்லை என்பதால் அலர்ஜியே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மை காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான் அதிலிருந்து தெரிகிறது.

பதினைந்து வருடமாக ஒத்துக்கொண்ட டை

"இத்தனை வருஷம் வராதது இப்போது எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொடுவதால் வரும் அலர்ஜியின் இயல்பே அதுதான். முதல் தடவையே வருவது அபூர்வம். ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தோலில் பட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அது இரண்டாம் வருடமும் நடக்கலாம், இருபதாம் வருடமும் நடக்கலாம். ஒருமுறை குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பதினைந்து வருடம் என்றால் அந்தப் பொருளோடு உங்கள் தோலுக்கு இருநூறு தடவைக்கு மேல் தொடர்பு நேர்ந்திருக்கிறது.

கறுப்பு நிற டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா-பினைலின்-டையமின் என்ற பொருள் இருக்கும், சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். முடியில் கறுப்பு நிரந்தரமாக ஏறுவதற்கு அதுதான் காரணம். தோல் அலர்ஜி உண்டாக்குவதில் அது முன்வரிசைப் பொருள். 'அமோனியா இல்லாதது' என்று எழுதிய டையிலும் அது இருக்கலாம். அமோனியாவுக்கும் இந்த அலர்ஜிக்கும் சம்பந்தம் இல்லை. 'ஹெர்பல்' என்று இலைப் படம் போட்ட பாக்கெட்டிலும் இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். படிக்க முடியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பி.பி.டி. அலர்ஜி டை போட்ட அன்றே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் இமை சிவக்கும், வீங்கும். பிறகு காய்ந்து உரிந்து வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை டை போட்டவர் புதன்கிழமை வீங்கிய இமைக்கு, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலைத்தான் குற்றம் சொல்வார். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: டை போட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் காது மடலுக்குப் பின்னாலோ, பிடரியிலோ, நெற்றியில் முடி தொடங்கும் கோட்டிலோ லேசான அரிப்பு வருமா? அங்கே தோல் சற்றுக் கறுத்திருக்கிறதா? ஆம் என்றால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். கடந்த சில மாதங்களில் டை போட்ட தேதிகளையும், இமை மோசமான தேதிகளையும் காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். க்ரீம் இடையில் புகுந்து நோயை அமுக்கியதால் கணக்குக் கொஞ்சம் கலைந்திருக்கும். இருந்தாலும் ஒரு ஒழுங்கு தெரிய வாய்ப்புண்டு.

அப்புறம் அந்தப் புருவ விஷயம். தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள். புருவத்துக்கும் இமைமுடிக்கும் இதைப் போடக் கூடாது, போட்டால் பார்வையே போகலாம் என்று இந்தியாவில் விற்கும் டை பாக்கெட்டின்மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது சட்டம். பயன்படுத்தும் முன் தோலில் சோதித்துப் பார்க்கச் சொல்லியும் அதில் இருக்கும். நீங்கள் 'அவ்வளவுதான்' என்று எழுதிய அந்த மிச்சச் சொட்டு, இமையிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் வைக்கப்படுகிறது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதிகக் கவலை தந்த வரி அதுதான்.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது

ட்யூபில் எழுதியிருந்ததை நீங்கள் பார்த்து எழுதி அனுப்பியது பெரிய உதவி: க்ளோபெட்டசால் (ஸ்டீராய்டு), நியோமைசின் (பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து), மைக்கோனசோல் (பூஞ்சைக்கு எதிரான மருந்து). கடைக்காரர் இதைச் சாதாரண அரிப்பு க்ரீம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது சாதாரண க்ரீம் கிடையாது. க்ளோபெட்டசால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. முகத்துக்கு லேசாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு பலம் உள்ளது. உள்ளங்காலில் தடித்துப்போன தோலுக்குக் கொடுக்கிற மருந்து. அதை அரை மில்லிமீட்டர் தோலில், இரண்டு வருடமாகப் பூசுகிறீர்கள்.

இது அழற்சியை அமுக்கும், அதனால்தான் இரண்டு நாளில் அடங்குகிறது. அலர்ஜி தரும் பொருள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும்போது, இது ஒழுகும் கூரையை விட்டுவிட்டுக் கீழே பாத்திரம் வைப்பது போலத்தான். அதோடு, தொடர்ந்து பூசினால் இமைத் தோல் இன்னும் மெலிந்து, சிறு ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். மெலிந்த தோல் எளிதில் வெடிக்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி பூசுவோம். உங்களுக்குத் திரும்பி வருவதில் ஒரு பங்கு டையின் வேலையாகவும், ஒரு பங்கு க்ரீமின் வேலையாகவும் இருக்கலாம்.

நியோமைசினை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அதுவே அடிக்கடி அலர்ஜி உண்டாக்கும் மருந்து. ஒரே ட்யூபில் அலர்ஜி தரும் பொருளும், அந்த அலர்ஜியை மறைக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து இருந்தால் நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் குழப்பம். காயத்துக்குப் போடும் ஃப்ராமைசெட்டின் களிம்பும் நியோமைசினின் நெருங்கிய உறவு. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. வெடிப்புத்தானே என்று அதை எடுத்து இமையில் பூசிவிட வேண்டாம்.

உங்கள் அம்மாவின் கண் அழுத்த நோய்க்கு வருகிறேன். இமையில் பூசும் ஸ்டீராய்டு கொஞ்சம் கண்ணுக்குள்ளும் போகும். சிலருக்கு அதனால் கண்ணின் உள் அழுத்தம் ஏறும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் அந்த ஆபத்து அதிகம். அழுத்தம் ஏறுவது வலிக்காது, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதும் தெரியாது. கெட்ட நரம்பு திரும்பாது. கண்புரையும் முன்கூட்டியே வரலாம். அதனால் தோல் மருத்துவரைப் பார்க்கும் முன்பே, இந்த வாரமே, ஒரு கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தை அளந்து பார்த்துவிடுங்கள். 'இரண்டு வருடமாக இமையில் க்ளோபெட்டசால் பூசினேன், அம்மாவுக்கு கிளாக்கோமா' என்ற இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் நரம்பையும் சேர்த்துப் பார்ப்பார்.

க்ளோபெட்டசால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. 2018-ல் வேறு பல ஸ்டீராய்டு க்ரீம்களையும் மத்திய அரசு அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. எந்த மருந்தாக இருந்தாலும் கடையில் பில் கேட்டு வாங்குவதும், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று நேராகக் கேட்பதும் உங்கள் உரிமை. கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, உடனே நிறுத்திவிடலாமா? நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வருடம் பூசியதை நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கோ, இன்னும் அதிகமாகவோ இமை கொந்தளிக்கலாம். பயந்துபோய் மறுபடி ட்யூபை எடுப்பீர்கள். தோல் மருத்துவரிடம் போய், வீரியம் குறைந்த மருந்துக்குச் சில நாள் மாறி, பிறகு ஸ்டீராய்டு இல்லாத களிம்புக்குப் போவது நல்லது. டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பை இதற்கு அடிக்கடி எழுதித் தருவோம். தோலை மெலியச் செய்யாது, கண் அழுத்தத்தையும் ஏற்றாது. முதல் சில நாள் பூசியதும் மிளகாய் பட்டதுபோல் எரியும். போகப்போக அது குறைந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதன் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை ஒன்று கட்டம் கட்டி இருக்கும். 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போடச் சொன்னது அது. இமையில் மெலிதாக, மருத்துவர் சொன்ன காலத்துக்குப் பூசுவதால் அப்படி நேர்கிறது என்று உறுதிப்படவில்லை. தாளைப் படித்துப் பயந்து நிறுத்த வேண்டாம், சந்தேகம் இருந்தால் எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

கத்திரிக்காயும் ரத்தப் பரிசோதனையும்

கத்திரிக்காயை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டையும் இதற்காக விலக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் செய்த பரிசோதனை வேறு வகை அலர்ஜிக்கானது: சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடித்துப்போவது, தும்மல், இளைப்பு போன்றவற்றுக்கு. தொட்ட பொருளால் இரண்டு நாள் கழித்து வரும் அலர்ஜியை அதில் கண்டுபிடிக்கவே முடியாது. அதில் இறால் என்று வந்ததற்கும் உங்கள் இமைக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு முன் இறால் சாப்பிட்டு உதடு வீங்குவது, உடம்பு தடிப்பது என்று ஏதாவது நடந்திருந்தால் மட்டும் இறாலைத் தொடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடல் சூடு என்பதை நான் கேலி செய்ய மாட்டேன், நம் வீடுகளில் எரிச்சலுக்கு அதுதான் பெயர். எண்ணெய்க் குளியலில் தவறில்லை. ஆனால் அன்று சீயக்காய்த் தூள் கண்ணோரம் வழிந்தால் வெடித்த தோல் இன்னும் புண்ணாகும். பூவின் குளிர்ச்சிக்குப் பதிலாக, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஐந்து பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சாறு, தாய்ப்பால், தேன், மஞ்சள் எதையும் கண்ணில் விட வேண்டாம். இரவில் நெற்றிப் பொட்டில் தைலம் தேய்ப்பதாகவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த விரல் எங்கே போகும், அந்த ஆவி எங்கே படும் என்று சொல்ல வேண்டியதில்லை. இமை ஆறும்வரை தைலமும் வேண்டாம்.

முதுகில் ஒட்டும் பரிசோதனை

பேட்ச் டெஸ்ட் உங்களுக்குக் கட்டாயம் தேவை என்பது என் கருத்து. சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணிகளில் சந்தேகப் பொருள்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் ஒட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி மூன்றாம் அல்லது நான்காம் நாள் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் முக்கியம். சில அலர்ஜிகள் தாமதமாகத்தான் தலைகாட்டும். பட்டை ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகு நனையக் கூடாது, அதிகம் வியர்க்கக் கூடாது. குளிக்கவே முடியாது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். முதுகைத் தவிர்த்து உடம்பு துடைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் செய்வதைவிட ஐப்பசி, கார்த்திகை வசதியான காலம்.

இந்திய நோயாளிகளுக்கென்று தொகுத்த தரப் பட்டியல் ஒன்று உண்டு. பி.பி.டி., நியோமைசின், நிக்கல், வாசனைப் பொருள்கள், பார்த்தீனியம் எல்லாம் அதில் அடக்கம். எல்லாத் தோல் மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் எந்தக் கிழமை செய்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவு தவறாகும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: டையை நீங்களே வீட்டில் கையில் பூசிச் சோதித்துப் பார்க்காதீர்கள். உண்மையிலேயே பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அந்த இடம் கொப்புளித்துவிடும். முகத்தில் பூசி அப்படியே விடும் க்ரீம், சன்ஸ்க்ரீன் போன்றவற்றை மட்டும் வீட்டில் சோதிக்கலாம். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்கள். சிவந்து அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

வேறு எதுவாகவும் இருக்கலாமா?

இருக்கலாம், அதனால்தான் நேரில் காட்டச் சொல்கிறேன். சின்ன வயதில் கரப்பான், இளைப்பு இருந்தவர்களுக்கு இமை எளிதில் வறண்டு வெடிக்கும். தலையில் பொடுகும், புருவத்திலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ச் செதிலும் இருந்தால் அது வேறு கதை. இமைமுடியின் வேரில் பொருக்குக் கட்டுவது இமை ஓர அழற்சி. அதற்கு வெதுவெதுப்பான ஒத்தடமும் சுத்தமும்தான் வைத்தியம். கண்ணில் எப்போதும் நீர் வடிந்தால் வெளி ஓரம் ஈரத்தில் ஊறியே வெடிக்கும். கணினி பார்த்துக் கண் காய்கிறது என்று சொட்டு மருந்து விடுபவர்களுக்கு அதிலுள்ள பதப்படுத்தும் பொருளே ஒத்துக்கொள்ளாமல் போகும். வயலோரம், காலிமனை ஓரம் பார்த்தீனியச் செடி மண்டிய இடத்தில் குடியிருப்பவர்களுக்குக் காற்றில் வரும் அதன் துகளால் இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் சேர்ந்து பாதிக்கப்படும். வைட்டமின் குறைவென்றால் வாயோரமும் நாக்கும் சேர்ந்து புண்ணாகும். உங்களுக்கு அப்படி இல்லை என்பதால் மாத்திரையைத் தொடர்வதில் பயன் இருக்காது.

இமை ஊதா நிறமாக மாறி, விரல் கணுக்களில் தடிப்பு வந்து, படி ஏறவோ கை தூக்கித் தலை வாரவோ பலம் குறைந்தால் அது தசையையும் சேர்த்துப் பாதிக்கும் நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீர்க் கொப்புளங்கள், காய்ச்சலோடு இமை வீங்கிக் கண்ணை அசைத்தால் வலிப்பது, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாளையிலிருந்து

அடுத்த சில வாரத்துக்கு முகத்தை ஏழையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். வெறும் தண்ணீரில் முகம் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதாகக் காயும் முன், வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை அரிசி அளவு எடுத்து விரல் நுனியில் பரப்பி இமையிலும் ஓரத்திலும் மெலிதாகத் தடவுங்கள். காலை, மாலை, படுக்கும் முன். மை, நகச்சாயம், ஃபேஸ்வாஷ், சென்ட், ஈர டிஷ்யூ எல்லாவற்றுக்கும் விடுமுறை. தலைக்குக் குளிக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணோரம் போகாதீர்கள். ஆறத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒரு பொருள் என்று திரும்பக் கொண்டுவந்தால் எது குற்றவாளி என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். டையை மட்டும், முடிவு தெரியும்வரை கொண்டுவர வேண்டாம்.

கல்யாணத்துக்கு

பேட்ச் டெஸ்ட்டைக் கார்த்திகைக்குள் முடித்துவிட்டால் கல்யாணத்துக்கு முன் இமை தேறப் போதிய அவகாசம் இருக்கும். இப்போது முடியில் ஏறியிருக்கும் கறுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முழுதாக நிறம் ஏறிக் காய்ந்த முடி பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. கலந்து பூசும் நேரத்து டைதான் ஆபத்து.

பி.பி.டி. அலர்ஜி என்று உறுதியானால் பிராண்டை மாற்றிப் பார்ப்பது தீர்வாகாது. பி.பி.டி. இல்லாதது என்று விற்கும் நிரந்தர டைகளில் அதன் பங்காளிப் பொருள் இருக்கும். பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. அதையும் சோதித்துத்தான் தொட வேண்டும். கலப்பில்லாத மருதாணிப் பொடி, அதன்மேல் அவுரி இலைப் பொடி என்று போட்டால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். நேரம் பிடிக்கும், முதல் தடவை சரியாக வராது, ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் முயற்சி செய்ய வேண்டாம். 'கறுப்பு மருதாணி', 'ஐந்தே நிமிடத்தில் கறுப்பு' என்று விற்கும் பாக்கெட் எதையும் வாங்காதீர்கள். அவ்வளவு சீக்கிரம் கறுப்பு வருகிறதென்றால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கும். மெஹந்தி நிகழ்ச்சி வைத்தால் அங்கேயும் இதே எச்சரிக்கை. கறுப்பாகப் பிடிக்கும் கோன் உங்களுக்கு மட்டுமல்ல, மணப்பெண்ணின் கைக்கும் வேண்டாம். தோலில் நேராகப் படும் பி.பி.டி. முதல் தடவையிலேயே ஒருவரை ஆயுளுக்கும் அலர்ஜிக்காரராக்கிவிடலாம்.

நரையோடு நிற்பதும் ஒரு வழிதான். அது உங்கள் முடிவு. மகளின் கல்யாணத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லக் கூடாது. ஆனால் 'ஒரே ஒரு தடவைதானே, கல்யாணத்துக்கு மட்டும்' என்று பழைய டையை எடுத்தால், மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கி நிற்கும் ஆபத்து இருக்கிறது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது டை பாக்கெட், க்ரீம் ட்யூப், ஷாம்பூ, தைலம், முகத்துக்குப் போடுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இமை மிக மோசமாக இருக்கும் நாளில் வெளிச்சத்தில் நின்று மகளை இரண்டு படம் எடுக்கச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது அடங்கியிருந்தால் அந்தப் படம்தான் பேசும்.